வொண்டர் மேன் சைமன் வில்லியம்ஸ்: அவெஞ்சர்ஸ் அணி அவருடைய நடிப்பைக் கெடுத்ததா?

மஞ்சக்குப்பம் மாயாவி (கடலூர்)

டிவி தொடர் வந்ததிலிருந்து வொண்டர் மேன் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இந்த இழை மார்வெல் காமிக்ஸில் வொண்டர் மேனாக வரும் சைமன் வில்லியம்ஸைப் பற்றி மட்டும். அவெஞ்சர்ஸ் என்பது அவர் சேரும் சூப்பர் ஹீரோக்கள் அணி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன தொழிற்சாலை, அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் கம்பெனியோடு போட்டி போட முடியாமல் நொடித்துப் போகிறது. சைமன் கம்பெனிப் பணத்தில் கை வைத்து மாட்டிக்கொள்கிறார். பாரன் ஸீமோ என்ற வில்லன் தன் கூட்டாளி மூலம் அவரை வெளியே எடுத்து, அயனிக் கதிர்களால் அசுர பலம் கொடுத்து, அவெஞ்சர்ஸுக்குள் ஊடுருவ அனுப்புகிறான். கடைசி நேரத்தில் சைமன் மனம் மாறி அவெஞ்சர்ஸைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறார். இது 1964, அவெஞ்சர்ஸ் 9ஆம் இதழ். 1976இல் உயிரோடு திரும்புகிறார்.

நம் விஷயம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. திரும்பி வந்தவருக்கு நடிகராக வேண்டும் என்று ஆசை. கிடைப்பதோ, குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சியில் மிஸ்டர் மஸில்ஸ் என்று ஒரு வேடம். 1981இல் அணியை விட்டு விலகி ஹாலிவுட் போய் ஸ்டண்ட் வேலை பார்க்கிறார். 1984இல் அவெஞ்சர்ஸ் வில்லாளி ஹாக்ஐ மேற்குக் கரையில் புது அணி தொடங்கியதும் உடனே போய்ச் சேர்ந்துகொள்கிறார். அங்கே மாக்கிங்பேர்ட், டைக்ரா, அயர்ன் மேன் உடைக்குள் ரோட்ஸ், அப்புறம் நம்ம ஆள்.

என் கட்சி இதுதான்: அணிதான் அவருடைய நடிப்பைக் கெடுத்தது. ஒரு ஆள் நடிகனாக வளர வேண்டிய வருடங்களையெல்லாம் அவெஞ்சர்ஸ் தின்றுவிட்டது. கூப்பிட்டபோதெல்லாம் ஓடினார். கொஞ்சம் சுயநலமாக இருந்திருந்தால் பெரிய நடிகராக ஆகியிருப்பார். மறுப்பவர்கள் வரலாம்.

காந்தி வீதி பழைய புத்தகம் (புதுச்சேரி)

மாயாவி தம்பி, 1964இலிருந்து 1976வரை ஏன் அந்த இடைவெளி என்பதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். அதுதான் கதையிலேயே சுவையான இடம்.

அந்த 9ஆம் இதழை எழுதிய ஸ்டான் லீ பின்னாளில் பேட்டிகளில் சொன்னது இது. வொண்டர் வுமன் என்ற பெயரை வைத்திருந்த டிசி கம்பெனி, இந்தப் பெயருக்கு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. சரி, எதற்கு வம்பு என்று இவர்கள் பாத்திரத்தைக் கைவிட்டார்கள். அப்புறம் மார்வெல் பவர் மேன் என்று ஒருவரை வைத்திருக்கும்போதே டிசி பவர் கேர்ள் என்று ஒருவரைக் கொண்டுவர, இவருக்குக் கோபம் வந்து வொண்டர் மேனை எழுப்பிவிட்டாராம். பவர் கேர்ள் வந்ததும் 1976தான். கணக்கு இடிக்கவில்லை.

அதாவது சைமனுக்கு வாய்ப்புப் போனதில் அவருடைய திறமைக்குச் சம்பந்தமே இல்லை. மேலே இரண்டு முதலாளிகள் பெயருக்காகச் சண்டை போட்டார்கள், இவர் 12 வருடம் பெட்டியில் கிடந்தார். கோடம்பாக்கத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் படம் பெட்டிக்குள் போயிருக்கிறது! நடிகராகும் முன்பே நடிகருக்கான தலையெழுத்து வந்துவிட்டது.

உப்பனாற்று ஓடம்

ஆடிஷன் அன்றைக்குப் பார்த்து வேற்றுக் கிரகத்துக்காரன் வந்து இறங்கினால் கோ-ஆர்டினேட்டருக்கு என்ன சொல்லி போன் போடுவது என்பதுதான் என் கவலை. "சார், பாட்டி இறந்துட்டாங்க" என்பதை எத்தனை தடவை சொல்ல முடியும்?

தொடரில் பென் கிங்ஸ்லி செய்யும் டிரெவர்தான் எனக்கு நிஜ ஹீரோ. பலமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆனால் அந்தக் காட்சியில்

மட்டுறுத்துநர்

ஓடம், மீதியை வெட்டிவிட்டேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் ஓட்டுங்கள்.

வில்லியனூர் கூத்தன் (புதுச்சேரி)

நான் காலாப்பட்டில் நாடகம் படித்தவன். இப்போது ஈ.சி.ஆர் பஸ்ஸில் சாலிகிராமத்துக்கும் வளசரவாக்கத்துக்கும் ஆடிஷனுக்கு அலைகிறவன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாயாவி அண்ணே, நேரம் போய்விட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். நடிகனுக்கு நேரம் எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். காலையில் வரச்சொல்லி மாலையில் "பார்த்துட்டுச் சொல்றோம்" என்பார்கள். நடுவில் இருப்பது முழுக்கக் காத்திருப்பு. அந்த நேரத்தில் நீங்கள் உலகத்தைக் காப்பாற்றினால் என்ன, டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் என்ன?

சைமனின் பிரச்சினை வேறு. அவருக்குக் கிடைத்த வேலைகளை வரிசையாகப் பாருங்கள். மிஸ்டர் மஸில்ஸ், ஸ்டண்ட், அதற்கப்புறம் கொஞ்சம் பெயர் வந்ததும் அடிதடிப் படங்களில் பலசாலி நாயகன். ஒருத்தராவது அவரிடம் "அப்பாவின் கம்பெனியை உன் கையாலேயே கெடுத்தாயே, அந்த ராத்திரி எப்படி இருந்தது, அதைச் செய்து காட்டு" என்று கேட்டார்களா? அந்த ஆளுக்குள் இருக்கும் சரக்கு அதுதான். கேட்டதெல்லாம் காரைத் தூக்கு, சுவரை உடை, மாடியிலிருந்து விழு. உடம்பை வாங்கினார்கள், நடிப்பை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று கண். சைமனுக்குத் திரும்பி வந்தபின் கண் இரண்டும் சிவப்பாக எரியும், கருவிழி தெரியாது. அதை மறைக்கத்தான் எப்போதும் கறுப்புக் கண்ணாடி. சிவப்பு சஃபாரி ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்தக் காலத்துப் படங்களில் பார்த்தால் ஸ்டைல் என்று தோன்றும். நடிகன் கண்ணால் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நம் பக்கத்துக் கூத்தில் முகம் முழுக்க அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை. மிச்சம் இருப்பது குரல், கால், கண். துரியோதனன் திரை விலகி வரும்போது பின்வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து உட்காருவது அந்தக் கண்ணுக்குத்தான். சினிமாவில் கேட்கவே வேண்டாம், குளோசப் வைத்தால் கண்ணைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது? கண்ணைக் காட்ட முடியாதவன் நடிகனாக வேண்டும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தைரியம், இல்லை எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! இதை எழுதினவர்கள் யோசித்து எழுதினார்களா, தற்செயலாக விழுந்ததா, தெரியவில்லை. எனக்கு அந்தப் பாத்திரத்தின் மொத்தத் துயரமும் அங்கே இருக்கிறது.

அணியை விட்டிருந்தாலும் கண் அதே கண்தானே.

காந்தி வீதி பழைய புத்தகம்

கூத்தன், நன்றாகச் சொன்னீர்கள். பலமே வேடத்துக்கு எதிரியாவது நம் ஊருக்குப் புதிதில்லை. கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் சனீஸ்வரன் வேடத்தில் அத்தனை பயங்கரமாக இருப்பாராம். அந்த வேடத்தில் அவரைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட, அன்றோடு வேடம் கட்டுவதை விட்டுவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போய்விட்டார் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1922இல் இதே புதுச்சேரியில்தான் காலமானார். நீங்கள் படித்த காலாப்பட்டுத் துறைக்கே அவர் பெயர்தானே.

வில்லியனூர் கூத்தன்

ஆமாம் சார். அங்கே எங்களுக்கு முதலில் காதில் விழும் கதைகளில் அதுவும் ஒன்று. சுவாமிகளாவது பார்க்கிறவர்களுக்காக விட்டார். சைமன் விடவே இல்லை. அதுதான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம்.

முதுநகர் சரக்குப்பாலம் (கடலூர்)

எல்லோரும் சைமனுக்காக உருகுகிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

என் சித்தப்பா வடபழனியில் ஸ்டண்ட் யூனியன் கார்டு வாங்கிய ஃபைட்டர். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது, பைக்கிலிருந்து பறப்பது, ஹீரோவுக்கு டூப் போடுவது எல்லாம் செய்திருக்கிறார். கீழே அட்டைப்பெட்டி அடுக்கி, மேலே பெட் போட்டு, ரோப்பை இழுத்துப் பார்த்து, மாஸ்டர் தலையாட்டினால்தான் குதிப்பார். ஒரு படத்தில் அவசரம், வெளிச்சம் போகிறது, பெட் சரியாகப் போடவில்லை. இடுப்பு போயிற்று. தயாரிப்பாளர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்து கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனார், அதோடு சரி. சித்தப்பா இப்போது முதுநகரில் வலைக்கடை வைத்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். குண்டு துளைக்காத, எலும்பு உடையாத ஒரு ஆள் ஸ்டண்டுக்கு வந்து நின்றால் என்ன ஆகும்? அவருக்குப் பெட் வேண்டாம், ரோப் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், இரண்டாவது டேக் பத்து தடவை வேண்டுமானாலும் போகலாம். தயாரிப்பாளருக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர்களுக்கு? அன்றைக்குச் சம்பளமும் கிடையாது, பேட்டாவும் கிடையாது. அடுத்த படத்தில் "போன தடவை சைமன் பெட் இல்லாமல் குதித்தாரே, உனக்கு மட்டும் எதற்கு" என்று கேட்பார்கள். நான் படித்த இதழ்களில் இதை யாரும் பெரிதாகக் கேட்டதாக ஞாபகம் இல்லை. நடிகராகப் போராடினார் சரி, அந்தப் போராட்டத்துக்குச் செலவு யார் கணக்கில்?

உப்பனாற்று ஓடம்

பாலம் அண்ணே, இப்படி ஒரு கோணம் நான் யோசித்ததே இல்லை. ஹல்க் வந்து கட்டட வேலைக்கு நின்றாலும் இதே கதிதான் போல.

லாஸ்பேட்டை அமுதா (புதுச்சேரி)

சரக்குப்பாலம் சொல்வது நியாயம். ஆனால் அவரை ஸ்டண்டுக்கு அனுப்பியது நடிப்பு வாய்ப்புக் கொடுக்காதவர்கள். கூத்தன் சொன்ன அதே இடம்தான்.

நான் மாயாவியின் கேள்விக்கே வருகிறேன். பகலில் வங்கி வேலை, சனி ஞாயிறு நாடக ஒத்திகை என்று ஓட்டுகிறவள் நான். எங்கள் குழுவில் முழுநேர நடிகர் என்று யாரும் இல்லை. ஒருவர் சிப்காட்டில் ஷிஃப்ட், ஒருவர் டியூஷன் எடுக்கிறார், ஒரு தம்பி கடற்கரைச் சாலையில் வாடகை சைக்கிள் கடை. வெள்ளை நகரத்தில் ஷூட்டிங் வந்தால் கூட்டத்தில் நிற்க ஓடுவோம். சாப்பாடு போடுவார்கள், பேட்டா உண்டு, மஞ்சள் சுவர் பக்கத்தில் முதுகு தெரியும்.

இப்போது அவெஞ்சர்ஸைப் பாருங்கள். மரியா ஸ்டார்க் அறக்கட்டளை உறுப்பினர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. குடியிருக்க மாளிகை, சாப்பாட்டைக் கவனிக்க ஜார்விஸ் என்ற பணியாளர். நடிகனாகப் போராடும் எவனுக்காவது இப்படி ஒரு பகல் வேலை கிடைத்ததுண்டா? சைமனுக்கு அவெஞ்சர்ஸ்தான் வங்கி வேலை. வாடகை கட்டும் வேலை. அது இல்லாமல் போயிருந்தால் முதல் வருடமே ஊருக்குத் திரும்பியிருப்பார், திரும்ப அவருக்கு ஊரும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. அணி அவர் நடிப்பைக் கெடுக்கவில்லை மாயாவி சார், சோறு போட்டு நடிக்க விட்டது.

மஞ்சக்குப்பம் மாயாவி

அமுதா மேடம், உங்கள் வங்கியில் லீவு எழுதிக் கொடுக்கலாம். அவெஞ்சர்ஸில் லீவு எழுதிக் கொடுத்தால் நியூயார்க் காணாமல் போகும். இரண்டும் ஒன்றா?

இன்னொன்று, அவர் கூப்பிட்டதும் ஓடுவதற்குக் காரணம் கடமை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஒருதரம் செத்தவர். திரும்பி வந்த புதிதில் சண்டை என்றாலே உள்ளுக்குள் நடுங்குவார், மறுபடி செத்துவிடுவோமோ என்று. அசுர பலம் இருந்தும் பயப்படும் ஹீரோ. அந்தப் பயத்திலிருந்து வெளியே வர அவருக்குப் பல வருடம் பிடித்தது. அதோடு, திருடன் என்ற பெயரோடு அணிக்குள் வந்தவர். "நான் இந்த இடத்துக்குத் தகுதியானவன்" என்று ஒவ்வொரு தடவையும் நிரூபிக்க வேண்டிய நிலை. நம் இரும்புக்கை மாயாவியும் ஆரம்பத்தில் மறைந்து போகும் சக்தியை வைத்துத் திருடினவர்தானே, அப்புறம்தான் நல்ல பக்கம் வந்தார். ஆனால் மாயாவிக்கு நடிகராகும் ஆசை இல்லை, தப்பித்தார்.

பழைய கடனை அடைக்க அணிக்கு ஓடிக்கொண்டே இருப்பவனால் மேடையில் மனதை வைக்க முடியாது. நேரம் என்று நான் சொன்னதில் இதுவும் சேர்த்தி.

காந்தி வீதி பழைய புத்தகம்

இத்தனை பேர் இத்தனை எழுதியும் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லையே. மாயாவி, உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது, மறுபடி படியுங்கள். "அவெஞ்சர்ஸுக்குள் ஊடுருவ அனுப்புகிறான்."

சைமன் வில்லியம்ஸ் தன் வாழ்க்கையில் முதன்முதலில் நடித்தது எங்கே? ஹாலிவுட்டிலா, குழந்தைகள் டிவியிலா? அவெஞ்சர்ஸ் அணிக்குள். 1964. ஹீரோ மாதிரி நடி, அவர்களை நம்ப வை, சமயம் பார்த்துக் காட்டிக்கொடு: இதுதான் ஸீமோ கொடுத்த வேடம். எதிரே உட்கார்ந்து பார்த்தது யார் யார்? தோர், அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா, ஜயன்ட் மேன், வாஸ்ப். அத்தனை பேரும் நம்பினார்கள். ஒத்திகை கிடையாது, இரண்டாவது டேக் கிடையாது, சொதப்பினால் உயிர் போகும். அதைவிடப் பெரிய ஆடிஷன் அவருக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

அந்த வேடம் எங்கே உடைந்தது என்பதுதான் அழகு. ஹீரோவாக நடித்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் ஹீரோவாகவே ஆகி, அதனால் செத்தார். அணி ஒரு பக்கம், நடிப்பு ஒரு பக்கம் என்று நீங்கள் பிரித்து வைத்துக்கொண்டு எது எதைக் கெடுத்தது என்று கேட்கிறீர்கள். இவர் விஷயத்தில் இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை.

வில்லியனூர் கூத்தன்

சார்!!

இதைப் படித்துவிட்டு அந்த 9ஆம் இதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபின் வேறு மாதிரித் தெரிகிறது. அவருக்கு அந்த வேடத்தில் இழக்க ஏதோ இருந்தது. ஸீமோவின் கதிர்கள் உடம்பைக் கொன்றுகொண்டிருக்கின்றன, மாற்று மருந்து அவன் கையில். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் அந்தப் பயம் நிற்கிறது. அதனால்தான் நம்பும்படி நடித்தார். 1976க்கு அப்புறம் அவரைக் கொல்வது லேசில்லை என்று ஆகிவிட்டது. மிஸ்டர் மஸில்ஸ் வேடத்தில் அவர் எதை இழக்கப்போகிறார்? ஒன்றும் இல்லை. அப்படியானால் அவர் பயந்து நடுங்கிய வருடங்களில்தான், மாயாவி அண்ணன் சொன்னாரே, அந்த வருடங்களில்தான் யாராவது அவரைக் கூப்பிட்டு நல்ல வேடம் கொடுத்திருக்க வேண்டும். பயம் போனதும் பெரிய படங்கள் வந்தன. சரக்கு போனபின் சந்தை வந்த கதை.

முதுநகர் சரக்குப்பாலம்

பயம் இருந்தால்தான் நல்ல நடிப்பு என்றால் எங்கள் சித்தப்பாவுக்குத் தேசிய விருது கொடுத்திருக்க வேண்டும்.

புலியூர் பின்னணிக்குரல் (கடலூர்)

நீண்ட நாள் வாசிக்க மட்டும் செய்தவள். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சென்னையில் டப்பிங் பேசுகிறேன், சீரியல்கள், மொழிமாற்றுப் படங்கள்.

யாரும் விஷன் பற்றிப் பேசவில்லை. சைமன் செத்துக் கிடந்தபோது அவர் மூளையின் அலைப்பதிவை அணியின் விஞ்ஞானி ஹாங்க் பிம் எடுத்து வைத்தார். 1968இல் அல்ட்ரான் என்ற ரோபோ வில்லன் அதை எடுத்து விஷன் என்ற செயற்கை மனிதனுக்குள் ஏற்றினான். சைமனிடம் யாரும் கேட்கவில்லை, செத்தவரிடம் எப்படிக் கேட்பது? அந்த விஷன் அவெஞ்சர்ஸில் சேர்ந்தது, பெயர் வாங்கியது, அதே அணியிலிருந்த வாண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டது. எட்டு வருடம் கழித்து சைமன் எழுந்து வந்து பார்த்தால் தன் மனதின் பிரதி ஒன்று தன்னைவிட நல்ல பெயரோடு அதே அணியில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இவர் வேஷம் கேட்டு அலைகிறார்.

2023இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் ஜூலையிலிருந்து நவம்பர் வரை 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததே, அதில் முக்கியமான சண்டைகளில் ஒன்று இதுதான். நடிகரின் முகத்தையும் குரலையும் கணினியில் பிரதி எடுத்தால் அவர் சம்மதம் வேண்டும், அதற்குக் கூலி வேண்டும். கூட்டத்தில் நிற்பவர்களை ஒரு நாள் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் பிரதியை வைத்தே ஓட்டிவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது. அமுதா அக்கா சொன்ன, மஞ்சள் சுவர் பக்கத்தில் முதுகு காட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! எங்கள் டப்பிங் வேலையில் குரலுக்கு இதே கவலை. ஒரு இடத்தில் "சாம்பிளுக்கு" என்று கேட்டு நிறையப் பேச வைத்தார்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை. அந்தக் குரல் இப்போது எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

சைமன் நடிகர் என்பதால் இந்த இடம் எனக்குச் சுடுகிறது. 1989இல் ஜான் பைர்ன் எழுதியபோது விஷனைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டுகிறார்கள். உணர்ச்சி இல்லை. உணர்ச்சி வர வேண்டுமானால் சைமன் மறுபடி மூளை அலையைக் கொடுக்க வேண்டும். அணி கேட்கிறது. அவர் முடியாது என்கிறார். அவர் அணிக்கு முடியாது என்று சொன்ன இடங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

காந்தி வீதி பழைய புத்தகம்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. ஆனால் மறுத்ததற்குக் காரணம் தெரியுமல்லவா? அவர் வாண்டா மேல் ஆசை வைத்திருந்தார். விஷன் பழையபடி ஆகிவிட்டால் தனக்கு வழி இல்லை. அதனால் மறுத்தார். கலைஞனின் உரிமைக்காக ஒன்றும் மறுக்கவில்லை. நண்பனின் குடும்பம் உடைய அதுவும் ஒரு காரணம்.

புலியூர் பின்னணிக்குரல்

தெரியும் சார். காரணம் அசிங்கமானதுதான். ஆனால் முதல் தடவை யாருமே கேட்கவில்லையே, அதைப் பற்றி எத்தனை பேர் கோபப்பட்டார்கள்? இரண்டாவது தடவை மறுத்ததும் எல்லோருக்கும் அவர் கெட்டவராகிவிட்டார். சம்மதம் என்றால் மறுக்கவும் முடிய வேண்டும். நல்ல காரணம் வைத்திருப்பவர் மட்டும்தான் மறுக்கலாம் என்றால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

லாஸ்பேட்டை அமுதா

நூறு சதவீதம். ஆனால் தங்கச்சி, வாண்டா பக்கம் நின்று பார்த்தால் என் இரத்தம் கொதிக்கிறது. கணவன் எதிரே உணர்ச்சியில்லாமல் நிற்கிறான், சரிசெய்ய முடிந்தவன் ஒருத்தன் "எனக்கு உன்னைப் பிடிக்கும், அதனால் செய்யமாட்டேன்" என்கிறான். உரிமை இருந்தது, ஆளாக அன்றைக்கு அவர் சின்ன ஆள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் மாயாவி

பின்னணிக்குரல் சகோதரி வந்து என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார். அணி அவர் நேரத்தை எடுத்தது, பலத்தை எடுத்தது, கடைசியில் மனதையே எடுத்துவிட்டு மறுபடி கொடு என்று கேட்டது. இதைவிட என்ன வேண்டும்? எந்தப் பகல் வேலை இத்தனையைக் கேட்கும், அமுதா மேடம்?

லாஸ்பேட்டை அமுதா

மாதக் கடைசியில் எங்கள் கிளைக்கு வந்து பாருங்கள் சார்.

வில்லியனூர் கூத்தன்

மாயாவி அண்ணே, உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், முழுதாக இல்லை. 2011இல் வந்த நியூ அவெஞ்சர்ஸ் ஆண்டுமலரில் சைமன் அவெஞ்சர்ஸுக்கு எதிராகவே ஒரு கும்பலைத் திரட்டிக்கொண்டு போகிறாரே, நினைவிருக்கிறதா? அணியால் நல்லதைவிடக் கெட்டதே அதிகம் என்று அவர் வாதம். அதற்கப்புறம் அன்கேனி அவெஞ்சர்ஸ் என்ற தொடரில் சண்டையே போடமாட்டேன் என்று நிற்கிறார். பலம் வேண்டாம் என்று சொன்னபின்தான் அவர் பேச்சைக் கொஞ்சமாவது காதில் வாங்குகிறார்கள். எனக்கு அந்தச் சைமனை வைத்து ஒரு தனிநபர் நாடகம் போட வேண்டும் என்று ஆசை. கறுப்புக் கண்ணாடி, நாற்காலி, ஒரு ஆடிஷன் அறை. உரிமை பற்றிப் பேச மார்வெல் என் போனை எடுக்காது என்பதால், நம்மூர் ஆளாக மாற்றித்தான் எழுத வேண்டும்.

முதுநகர் சரக்குப்பாலம்

எழுதுங்கள் தம்பி. அறைக்கு வெளியே வரிசையில் ஒரு ஃபைட்டரையும் உட்கார வையுங்கள். இடுப்பில் பெல்ட் போட்டவர். வசனம் வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். சித்தப்பா வந்து நடிப்பார், கேட்டுவிட்டேன்.

உப்பனாற்று ஓடம்

நான் டீ கொண்டுவரும் பையன். முதுகு தெரிந்தாலும் பரவாயில்லை.

ஒரு சந்தேகம். இதையெல்லாம் படிக்க எங்கிருந்து ஆரம்பிப்பது? தமிழில் வந்திருக்கிறதா?

காந்தி வீதி பழைய புத்தகம்

நான் பார்த்தவரை தமிழில் இல்லை. 1972இல் முத்து, 1984இல் லயன் என்று சிவகாசியிலிருந்து நமக்கு வந்தவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய நாயகர்கள். ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.

அவெஞ்சர்ஸ் 9ஐ முதலில் படியுங்கள், ஒரு இதழ்தான். அப்புறம் நேராக 1984இன் வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸ் நான்கு இதழ்கள், ரோஜர் ஸ்டெர்ன் எழுத்து. அதன் தொடர்ச்சியாக 1985இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய மாதத் தொடர். சினிமா வாழ்க்கை நன்றாக வருவது அங்கேதான். 1991இலிருந்து 1994வரை அவர் பெயரிலேயே 29 இதழ்கள் வந்தன, ஹாலிவுட் முழுக்க அதில் இருக்கும், ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். அது முடிந்த அதே 1994இல் ஃபோர்ஸ் வொர்க்ஸ் என்ற புதுத் தொடரின் முதல் இதழிலேயே மறுபடி கொன்றுவிட்டார்கள். சொந்தப் படம் ஓடவில்லை என்றதும் அடுத்தவர் படத்தில் முதல் ரீலிலேயே சாகும் வேடம். மாயாவி, உங்கள் கட்சிக்கு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் கர்ட் பியூசிக்கும் ஜார்ஜ் பெரேஸும் செய்த அவெஞ்சர்ஸில் திரும்பி வருகிறார்.

1985 தொடரில் பாதிக்கு மேல் என்னிடம் இருக்கிறது, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பொறுக்கியது. மழைக்காலம் முடிந்ததும் கடலூர்க்காரர்கள் வந்து எடுத்துப் போகலாம். கவரோடுதான் திரும்பி வர வேண்டும். அட்டையைப் பின்பக்கமாக மடக்கிப் படிப்பவர்களுக்குக் கிடையாது. ஓடம், உங்களைத்தான் சொல்கிறேன்.

உப்பனாற்று ஓடம்

ஒரே ஒரு டெக்ஸ் வில்லர் புத்தகத்தை மடக்கியதற்கு இன்னுமா சார்?

மஞ்சக்குப்பம் மாயாவி

சார், 1985 தொடர் எனக்கு முதலில். ஃபோர்ஸ் வொர்க்ஸ் விஷயத்தை வைத்து என் அடுத்த பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமுதா மேடம், மாதக் கடைசி தாண்டியதும் வாருங்கள்.